புராஸ்டேட் நீரடைப்பு: துருவலா, லேசரா, திறந்த அறுவையா?

ரங்கூனில் அனவ்ரத்தா சாலையை ஒட்டிய தெரு ஒன்றில் முப்பது ஆண்டுகளாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். ஆனால் ஐம்பத்தைந்தைக் கடந்த நம்மவர்கள், கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “ஒன்றுக்குச் சரியாகப் போகவில்லை, ஆபரேஷன் என்கிறார்கள், லேசரிலேயே செய்துகொள்ளலாமா?” லேசர் என்றால் கத்தி இல்லை, ரத்தம் இல்லை, மறுநாளே வீட்டுக்கு வந்துவிடலாம் என்ற எண்ணம் எல்லோர் மனத்திலும் ஊறிவிட்டது. அந்தக் கேள்வியே தப்பான முனையிலிருந்து தொடங்குகிறது என்பது என் கருத்து. லேசர் ஒரு கருவி. அதை வைத்துச் செய்யும் சிகிச்சைகள் நான்கைந்து இருக்கின்றன. அவற்றுள் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள தொலைவு, சில சமயம் லேசருக்கும் பழைய முறைக்கும் உள்ள தொலைவைவிட அதிகம். சுரப்பி எவ்வளவு பெரியது, உள்ளிருந்து எவ்வளவு திசுவை எடுக்கப்போகிறார்கள், எடுப்பவர் இதற்கு முன் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், அறுவைக்குப் பிறகு மூன்று வாரம் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்ற நான்குக்கும் விடை கிடைத்தால், கருவி எது என்பது பெரும்பாலும் தானே முடிவாகிவிடும்.

புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பையின் வாய்க்குக் கீழே, நீர் வெளியேறும் பாதையைச் சுற்றி, விரலில் மோதிரம் போட்டதுபோல் அமைந்திருக்கிறது. இளவயதில் ஏறத்தாழ 20 கிராம் (ஸ்கேன் கணக்கில் கிட்டத்தட்ட 20 மி.லி.) உள்ள அது, வயதாக ஆக உட்புறத்தில் தடிக்கிறது. ஐம்பதுகளில் இருக்கும் ஆண்களில் பாதிப்பேருக்கும், எண்பதைக் கடந்தவர்களில் பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கும் இந்தத் தடிப்பு இருக்கும். இது புற்றுநோய் அன்று, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே சுரப்பியில் குடியிருக்கக் கூடும் என்பதால்தான் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையையும் ஆசனவாய் வழியாகச் செய்யும் விரல் பரிசோதனையையும் கேட்கிறார்கள். தடித்தவர்கள் எல்லோருக்கும் தொல்லை வருவதில்லை. அளவுக்கும் தொல்லைக்கும் நேர்விகிதமும் இல்லை. 35 மி.லி. சுரப்பியோடு இரவில் ஐந்து முறை எழுபவரும் உண்டு, 90 மி.லி. சுரப்பியோடு நிம்மதியாகத் தூங்குபவரும் உண்டு.

ஆகவே முடிவெடுக்கும் முன் மூன்று அளவுகள் கையில் இருக்க வேண்டும். முதலாவது, ஏழு கேள்விகளுக்கு மதிப்பெண் இட்டு மொத்தம் 35-க்குக் கணக்கிடும் அறிகுறிப் பட்டியல். 7 வரை லேசான தொல்லை, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20-உம் அதற்கு மேலும் கடுமை. இரண்டாவது, ஸ்கேனில் தெரியும் சுரப்பியின் அளவும், ஒன்றுக்குப் போன பிறகும் பையில் தங்கும் நீரின் அளவும். மூன்றாவது, நீர் ஓடும் வேகம். புனல் ஒன்றின் அடியில் எடைபார்க்கும் கருவியை வைத்து, வினாடிக்கு எத்தனை மி.லி. விழுகிறது என்று வரைபடமாக எடுப்பார்கள். உச்ச வேகம் 15-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் தடையில்லை. 10-க்குக் கீழே போனால் சந்தேகம் வலுக்கிறது. குறைந்தது 150 மி.லி. போனால்தான் அந்தப் படத்துக்கு மதிப்பு. வாழ்நாள் முழுவதும் கைலி கட்டிக் குந்தியே பழகிய நம்மூர்ப் பெரியவரை, நர்ஸ் வாசலில் நிற்க, ஒரு புனலுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கச் சொன்னால் அவருக்கு வருவதும் வராது. அப்படி எடுத்த ஒரே ஒரு படத்தை வைத்து அறுவைக்குத் தேதி குறிப்பவரிடம், இன்னொரு முறை எடுக்கலாமா என்று கேட்பதில் தப்பில்லை.

வேகம் குறைந்திருப்பதற்குக் காரணம் சுரப்பியாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பழைய தொற்றினாலோ, நீரை இறக்க எப்போதோ போட்ட டியூபினாலோ பாதையில் தழும்பு விழுந்து சுருங்கியிருக்கலாம். பல ஆண்டுச் சர்க்கரை நோயால் சிறுநீர்ப்பையின் தசையே சோர்ந்து போயிருக்கலாம். தசை சோர்ந்தவருக்கு எந்த லேசரைக் கொண்டு எவ்வளவு அகலமாகப் பாதை வெட்டினாலும், தள்ளுவதற்கு ஆள் இல்லாத வண்டிக்குச் சாலை போட்டதுபோல்தான் ஆகும். நம்மவர்களிடையே சர்க்கரை எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை என் கடையின் விற்பனையே எனக்குச் சொல்லும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டாம்சுலோசின் 0.4 மி.கி. போன்றவை பையின் கழுத்துத் தசையைத் தளர்த்துகின்றன. சில நாட்களிலேயே பலன் தெரியும். எழுந்து நிற்கும்போது தலைசுற்றலாம். கண்புரை அறுவை செய்துகொள்ளப் போகிறவர் கண் மருத்துவரிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஃபினாஸ்டெரைடு 5 மி.கி., டூட்டாஸ்டெரைடு 0.5 மி.கி. ஆகியவை சுரப்பியையே கால் பங்கு வரை சுருக்குகின்றன. ஆனால் அதற்கு ஆறு மாதம் பொறுக்க வேண்டும், சிறிய சுரப்பிக்கு அவற்றால் பலன் குறைவு, சிலருக்கு ஆண்மைக் குறைவும் வரும். இவை பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாக்கிக் காட்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஓராண்டு சாப்பிட்டவருக்கு 3 என்று வந்தால் அதை 6 என்று படிக்க வேண்டும்.

மாத்திரையோடு ஓட்ட முடியாத நிலைகளும் உண்டு. நீர் முழுதாக அடைத்துக்கொண்டு, டியூபை எடுத்தபின் மறுபடியும் அடைப்பது, பின்னோக்கி அழுத்தம் ஏறிச் சிறுநீரகம் கெடுவது, பையில் கல் சேர்வது, அடிக்கடி தொற்று, மருந்துக்கு அடங்காத ரத்தக்கசிவு என்ற இவற்றில் ஒன்று இருந்தால், அறுவை வேண்டுமா என்பதில் விவாதம் இல்லை. எந்த அறுவை என்பதே கேள்வி.

என் தாய்மாமாவுக்கு அந்தக் கேள்வி வந்து சேர்ந்த வழியில் என் பங்கும் உண்டு. பர்மாவின் இன்னொரு நகரான மோல்மீனில் இருக்கும் அவருக்கு வயது 72. ஒரு கல்யாணத்துக்காக ரங்கூன் வரக் கிளம்பும்போது சளி என்றார். முந்திய முறை வந்தபோது நானே கொடுத்தனுப்பிய சளி மாத்திரைகள் வீட்டில் இருந்தன. இரண்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். அந்த வகை மாத்திரையில் இருக்கும் குளோர்பெனிரமின் பையின் தசையை மந்தமாக்கும். பினைல்எஃப்ரின் அதன் கழுத்தை இறுக்கும். தடித்த சுரப்பிக்காரருக்கு இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கடைக்கு வருகிற அந்நியரிடம் கேட்டிருப்பேன், மாமாவிடம் கேட்கவில்லை. வழியில் சோதனைச் சாவடிகளில் வண்டி நின்றபோதெல்லாம் இறங்கிப் பார்த்தாராம், ஒரு சொட்டும் வரவில்லையாம். விடியற்காலையில் நான் பஸ் நிலையத்தில் பார்த்தபோது, அடிவயிறு பானையைக் கவிழ்த்ததுபோல் இருக்க, இருக்கையில் நேராக உட்கார முடியாமல் ஒருக்களித்துக் கிடந்தார். அவசரப் பிரிவில் டியூப் போட்டதும் 1,100 மி.லி. நீர் இறங்கியது. டாம்சுலோசின் கொடுத்து, மூன்று நாள் கழித்து டியூபை எடுத்தார்கள்; மாலைக்குள் அடைத்தது. பத்து நாள் கழித்து எடுத்தார்கள், அன்றும் அடைத்தது. ஸ்கேனில் சுரப்பி 95 மி.லி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் ரத்தம் உறையாமைக்கான ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் வேறு ஓடிக்கொண்டிருந்தன. சிங்கப்பூரில் இருக்கும் அவர் மகன் தொலைபேசியில் சொன்னது ஒரே சொல்: லேசர்.

எல்லா வழிகளையும் ஒப்பிடுவதற்கு அளவுகோலாக நிற்பது டி.யூ.ஆர்.பி. என்ற பழைய முறை. வெளியே கீறல் இல்லை. நீர் போகும் பாதை வழியாகவே கருவியைச் செலுத்தி, மின்சாரம் ஓடும் கம்பி வளையத்தால் தடித்த திசுவைச் சீவிச் சீவி எடுப்பார்கள். ஓட்டில் இருக்கும் தேங்காயைத் துருவுவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம்: ஓடு, அதாவது சுரப்பியின் வெளித்தோல், அப்படியே இருக்கும், துருவுகிறவர் நிறுத்திய இடத்தில் கொஞ்சம் வெள்ளையும் தங்கும். 1930-களிலிருந்து வளர்ந்துவந்த இந்த முறையில் பழைய குறை ஒன்று இருந்தது. ஒருமுனை மின்சாரத்துக்கு உப்புநீர் ஆகாது என்பதால் கிளைசின் கலந்த நீரை உள்ளே பாய்ச்சினார்கள். அறுவை ஒரு மணி நேரத்தைத் தாண்டி நீண்டால் அந்த நீர் ரத்தத்தில் ஏறிச் சோடியத்தைக் குறைத்து, நோயாளிக்குக் குழப்பமும் வலிப்பும் வரை கொண்டுபோகும். இருமுனைக் கருவி வந்த பிறகு சாதாரண உப்புநீரே போதும் என்றாகி, அந்த ஆபத்து ஏறக்குறைய நீங்கிவிட்டது. ஆகவே டி.யூ.ஆர்.பி. என்று ஒருவர் சொன்னால், ஒருமுனையா இருமுனையா என்று கேட்பது, லேசர் உண்டா என்று கேட்பதைவிடப் பயனுள்ளது. 30 முதல் 80 மி.லி. வரையிலான சுரப்பிக்கு இது இன்றும் முதல்தரமான வழி. மறு அறுவை தேவைப்படுகிறவர்கள் ஆண்டுக்கு நூற்றில் ஒன்றிரண்டு பேர்.

லேசருக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் சொல்லாமல் விடும் ஆய்வு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பிரிட்டனின் 7 மருத்துவமனைகளில் 410 ஆண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப்பேருக்கு டி.யூ.ஆர்.பி.யும் மற்றவர்களுக்குத் தூலியம் லேசரால் ஆவியாக்கிச் சீவும் முறையும் செய்து, அதன் முடிவை 2020-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஓராண்டு கழித்து அறிகுறிகளில் இரண்டும் சமம். நீர் ஓடும் வேகத்தில் டி.யூ.ஆர்.பி. ஒரு படி மேலே; மருத்துவமனையில் தங்கிய நாட்களிலும் சிக்கல்களிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எங்கள் பக்கத்துத் தெருத் தமிழ் வாத்தியார், வயது 58, சுரப்பி 40 மி.லி., ரத்தம் உறையாமைக்கான மருந்து எதுவும் எடுக்காதவர், லேசர் இல்லாத இடத்தில் செய்துகொள்வது பிற்போக்கோ என்று தயங்கிக்கொண்டு வந்தபோது நான் காட்டியது இந்த முடிவைத்தான். இருமுனை டி.யூ.ஆர்.பி. செய்துகொண்டார், இரண்டாம் நாள் டியூப் எடுத்தார்கள், மூன்றாம் நாள் வீடு திரும்பினார்.

லேசர்களின் கதை வேறு. 1990-களின் தொடக்கத்தில் வந்த நியோடிமியம் யாக் என்ற வகை, திசுவை ஆழமாக வேகவைத்துவிட்டு, வெந்த திசு வாரக்கணக்கில் உதிரும்வரை டியூபோடும் எரிச்சலோடும் நோயாளியை விட்டுவைத்தது. அது இந்த வேலையிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. அடுத்து வந்தது 532 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளி, கிரீன்லைட் என்ற பெயரில். ரத்தத்தின் சிவப்பணு நிறமி இந்த ஒளியை உறிஞ்சிக்கொள்வதால், திசு ஆவியாகும்போதே குழாய்களும் அடைபடுகின்றன. ரத்தப்போக்கு மிகக் குறைவு. 80 வாட்டில் தொடங்கி, பிறகு 120, இப்போது 180 வாட் வரை வந்திருக்கிறது. 180 வாட் கருவியை ஐரோப்பாவின் 9 நாடுகளில் டி.யூ.ஆர்.பி.யோடு ஒப்பிட்ட ஆய்வில் அது பின்தங்கவில்லை. ரத்தம் உறையாமைக்கான மருந்தை நிறுத்தவே முடியாதவருக்கு இது பெரிய வரம். இதிலும் இரண்டு குறைகள் உண்டு. திசு ஆவியாகிவிடுவதால் நோய்க்கூறு பரிசோதனைக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது, பி.எஸ்.ஏ. சந்தேகத்துக்கிடமாக உள்ளவர் அதை முதலில் தீர்த்துக்கொண்டு வர வேண்டும். மேலும் 95 மி.லி. சுரப்பியை எரித்தே தீர்ப்பது நீண்ட வேலை; களைத்த கை பாதியில் நிறுத்தினால், நிறுத்திய இடத்தில் மறுபடி வளரும்.

ஹோல்மியம் லேசரால் செய்யும் ஹோலெப் இவற்றிலிருந்து முற்றிலும் வேறுபட்ட சிந்தனை. நியூசிலாந்தின் பீட்டர் கில்லிங்கும் அவருடைய குழுவினரும் 1990-களில் உருவாக்கியது இது. 2,100 நானோமீட்டர் அலைநீளமுள்ள இந்த ஒளியைத் திசுவில் உள்ள நீரே உறிஞ்சிவிடுவதால், அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்துக்கே அது பாயும். அதை வெட்டும் கருவியாகக் கொண்டு, வெளித்தோலுக்கும் தடித்த திசுவுக்கும் இடையிலுள்ள மடிப்பில் புகுந்து, தேங்காய்ப் பருப்பை ஓட்டைவிட்டு நெம்பி எடுப்பதுபோல மடலை முழுதாகப் பிரித்து, சிறுநீர்ப்பைக்குள் தள்ளி, அங்கே அரைக்கும் கருவியால் துண்டாக்கி உறிஞ்சி எடுக்கிறார்கள். ஓட்டில் வெள்ளை ஏதும் தங்காததால் மறு அறுவை மிக அரிது. 40 மி.லி. ஆனாலும் 200 மி.லி. ஆனாலும் இந்த வழி பொருந்தும். திசு பரிசோதனைக்கும் கிடைக்கும். பெரும்பாலும் மறுநாளே டியூபை எடுத்துவிடுவார்கள். தூலியம் லேசரைக் கொண்டும் இதே நெம்பல் வேலையைச் செய்கிறார்கள். பிரிட்டன் ஆய்வில் தூலியத்தால் செய்தது இது அன்று, சீவல் வேலை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே லேசர், இரண்டு வேறு அறுவைகள். முதல் பத்தியில் நான் சொன்ன தொலைவு இதுதான்.

ஹோலெப்பின் விலை கற்றுக்கொள்வதில் இருக்கிறது. ஏறத்தாழ ஐம்பது பேருக்குச் செய்த பிறகே ஒரு மருத்துவரின் கை இதில் படியும் என்று அத்துறையினரே சொல்கிறார்கள். மடலை நெம்பும்போது நீரை அடக்கும் தசையும் இழுபடுவதால், இருமினால், எழுந்தால் சொட்டும் நிலை முதல் சில வாரங்களுக்குப் பலரிடம் இருக்கும். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் நின்றுவிடும், மிகச் சிலருக்கு நிற்காது. கை படியாதவரிடம் போனால் இந்த ஆபத்து ஏறும், அரைக்கும் கருவி சிறுநீர்ப்பையின் சுவரைக் கடித்துவிடும் ஆபத்தும் உண்டு.

இனி யாரும் பெருமையாகப் பேசாத திறந்த அறுவை. அடிவயிற்றில் கீறி, விரலாலேயே மடலை நெம்பி எடுப்பது. இதைப் பரப்பியவர்களுள் ஒருவரான பீட்டர் ஃபிரேயர், லண்டனுக்குப் போகும் முன் பிரிட்டிஷ் இந்தியாவின் மருத்துவப் பணியில் இருபது ஆண்டு இருந்தவர். 1901-இல் தன் முறையை வெளியிட்டார். டெரன்ஸ் மில்லின் 1945-இல் அறிமுகப்படுத்தியது, சிறுநீர்ப்பையைத் திறக்காமல் சுரப்பியை மட்டும் கீறும் வழி. நினைத்துப் பார்த்தால், ஹோலெப் செய்வது ஃபிரேயரின் விரல் செய்த அதே வேலையைத்தான், வயிற்றைக் கிழிக்காமல். ஆகவே பலனில் இரண்டும் உறவுக்காரர்கள். திறந்த அறுவையில் ரத்தம் கூடுதலாகப் போகும், ரத்தம் ஏற்ற வேண்டிவரலாம். டியூப் ஏறத்தாழ ஒரு வாரம். காயம் ஆற வேண்டும். ஆனால் 80 மி.லி.க்கு மேற்பட்ட சுரப்பிக்கு, லேசரில் பழகிய கை அருகில் இல்லாத ஊரில், இது இன்னும் மதிப்புள்ள வழி. பழையது என்பதற்காக இதைக் கேவலமாகப் பேசுவதை நான் ஏற்பதில்லை.

யூரோலிஃப்ட் என்ற சிறு கொக்கிகளும், ரெசூம் என்ற நீராவிச் சிகிச்சையும் வேறொரு கூட்டத்துக்கு உரியவை. முன்னது தடித்த மடல்களை இருபுறமும் இழுத்துக் கட்டுகிறது. பின்னது 103 டிகிரி நீராவியை ஊசிவழியாக ஒன்பது ஒன்பது வினாடிகள் செலுத்தித் திசுவைச் சாகவைக்கிறது, முழுப்பலன் தெரிய மூன்று மாதம் வரை ஆகலாம். இரண்டின் சிறப்பும் விந்து வெளியேற்றத்தைப் பெரும்பாலும் கெடுக்காமல் விடுவதே. டி.யூ.ஆர்.பி. செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ மூவரில் இருவருக்கும், ஹோலெப்பில் நால்வரில் மூவருக்கும் விந்து பின்னோக்கிப் பையில் போய்விடும். எழுச்சி பெரும்பாலும் கெடாது, உடலுக்குத் தீங்கும் இல்லை. ஆனால் குழந்தை வேண்டும் என்று இருப்பவருக்கு இது முதல் கேள்வி. எழுபது வயதுக்காரர்களும் இதைக் கேட்க விரும்புகிறார்கள், மருமகள் எதிரில் இருப்பதால் கேட்காமல் வருகிறார்கள். பேசும்போது மற்றவர்களை வெளியே அனுப்பிவிடுங்கள். இவை இரண்டும் மாமாவின் அளவுக்கும் அவருக்கு நேர்ந்த அடைப்புக்கும் பொருந்தாதவை.

இங்கேயா, வெளியூரா என்பதுதான் நம் நாட்டில் இந்த ஒப்பீட்டின் பாதிக் கனம். சுரப்பியை நெம்பும் அளவுக்குச் சக்தியுள்ள ஹோல்மியம் கருவிக்குத் தனி மின் இணைப்பு வேண்டும். மின்சாரம் முறைவைத்து வரும் நகரில் அறுவைக் கூடத்தின் ஜெனரேட்டர் அதைத் தாங்குமா என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அன்று. சிறுநீரகக் கல்லை உடைக்க வைத்திருக்கும் சிறிய ஹோல்மியம் கருவியைக் காட்டி, எங்களிடமும் லேசர் உண்டு என்று சொல்வதும் நடக்கும்; கல்லுக்குப் போதுமான வாட் சுரப்பிக்குப் போதாது. கிரீன்லைட்டின் ஒளியிழை ஒருவருக்கு ஒன்று என்று கணக்கு. நம் நாணயமான கியாட் விழுந்து கிடக்கும் காலத்தில் இறக்குமதியாகும் அந்த இழையின் விலை மொத்தச் செலவில் தனியாகத் தெரியும். ஹோல்மியத்தின் இழையைச் சுத்திகரித்துப் பலமுறை பயன்படுத்த முடியும். கடைசியாக, மருத்துவரின் முகத்துக்கு நேரே கேட்க வேண்டியது: இந்த அறுவையை, இந்தக் கருவியால், நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? மாமாவுக்காக நான் இதைக் கேட்ட ஓரிடத்தில், கருவியின் வாட்டைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள், எண்ணிக்கை மட்டும் வரவில்லை. எழுந்து வந்துவிட்டோம்.

முடிவைத் திருப்பியது சிறுநீரக மருத்துவர் அல்லர், இதய மருத்துவர். ஸ்டென்ட் வைத்து இரண்டு ஆண்டு ஆகிவிட்டதால், ஆஸ்பிரினைத் தொடர்ந்துகொண்டு, குளோபிடோக்ரெலை அறுவைக்கு ஐந்து நாள் முன்பு நிறுத்தலாம் என்று எழுதிக் கொடுத்தார். அதுவரை லேசரைத் தவிர வழியில்லை என்று நினைத்திருந்த எங்களுக்குத் திறந்த அறுவையும் கதவைத் திறந்தது. ஆக இரண்டு மிஞ்சின: ரங்கூனிலேயே திறந்த அறுவை, இல்லையென்றால் மருத்துவ விசா எடுத்துச் சென்னையில் ஹோலெப். பாங்காக்கையும் பார்த்தோம், பறக்கும் நேரம் குறைவு, ஆனால் தங்கும் செலவு எங்களுக்கு மீறியது.

தங்குவதைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்றால், எந்த முறையானாலும் ரத்தம் இரண்டாம் முறை எட்டிப்பார்க்கும் காலம் ஒன்று உண்டு. பத்தாம் நாள் வாக்கில் உள்ளே பொருக்கு உதிரும். பாரம் தூக்கினால், மலச்சிக்கலில் முக்கினால், குலுங்கும் வண்டியில் நெடுந்தொலைவு போனால் சிவப்பாக வரும். கட்டி அடைத்தால் மறுபடி டியூப். நாலாம் நாள் டிஸ்சார்ஜ் என்று மகிழ்ந்து ஆறாம் நாள் மோல்மீன் பஸ் ஏறுவது, லேசரோ துருவலோ, புத்தியில்லாத காரியம். பர்மியப் புத்தாண்டான திங்ஜான் விடுமுறையை ஒட்டி அறுவைத் தேதி கொடுத்தால் மாற்றிக் கேளுங்கள். அந்த நாட்களில் உங்களைத் தெரிந்த மருத்துவர் ஊரில் இருக்கமாட்டார்.

1960-களில் பர்மாவைவிட்டுத் திரும்பிய எங்கள் சொந்தக்காரர்கள் வியாசர்பாடியில் இருக்கிறார்கள். மூன்று வாரம் தங்க இடமும், சமைத்துப் போட ஆளும், நடுராத்திரியில் ஆட்டோ பிடிக்கத் தெரிந்த பேரனும் அங்கே இருந்ததால்தான் சென்னை வென்றது. அந்த வீடு இல்லாதிருந்தால் ரங்கூனில் திறந்த அறுவைக்கே நான் கைகாட்டியிருப்பேன். அப்படிச் செய்துகொண்டவர்கள் என் வாடிக்கையாளர்களில் நால்வர் இருக்கிறார்கள். நால்வரும் நன்றாக ஒன்றுக்குப் போகிறார்கள்.

மாமாவுக்கு எடுத்த திசு 62 கிராம். பரிசோதனையில் புற்று இல்லை. மறுநாள் டியூப் எடுத்தார்கள். பன்னிரண்டாம் நாள் காலை, தண்ணீர்க் குடத்தை நகர்த்தினாராம். பீட்ரூட் சாறுபோல் வந்தது என்று பேரன் படம் எடுத்து எனக்கு அனுப்பினான். கட்டி இல்லை, நீர் தடைப்படவில்லை என்பதால் மருத்துவர் படுக்கச் சொல்லி, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார், மாலைக்குள் தெளிந்தது. இருமும்போது சொட்டுவது இரண்டரை மாதம் இருந்தது. “கைலிக்குள் டயப்பரைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போக வைத்துவிட்டாயே, மாப்பிள்ளை” என்று ஒவ்வொரு தொலைபேசியிலும் சொன்னார். முன்கூட்டியே சொல்லியிருந்தேன் என்பதை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை.

மூன்றாம் மாதம் எடுத்த பி.எஸ்.ஏ. அளவை அவருடைய மருந்துச் சீட்டின் பின்புறத்தில் நானே எழுதிவைத்தேன் என்று சொன்னால் போதாது, அது ஏன் என்றும் சொல்ல வேண்டும். ஓடு உள்ளேயே இருக்கிறது; புற்று வந்தால் பெரும்பாலும் அந்த ஓட்டில்தான் வரும். உள்ளிருந்த திசு போய்விட்டதால் அளவு வெகுவாக இறங்கியிருக்கும்; இனி அந்த இறங்கிய எண்ணிலிருந்து எவ்வளவு ஏறுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அடுத்த பரிசோதனைக்கு அவர் ரங்கூன் வரும்போது சளி மாத்திரை கேட்டால், ஆவி பிடிக்கச் சொல்வதாக இருக்கிறேன்.